கதவுக்குப் பின்னால் சீட்டாட்டம்

1920களின் கடைசியில் ரிச்சர்ட் ஷாங்க் என்ற ஆராய்ச்சி மாணவர் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் ஒரு சிற்றூரில் போய்க் குடியிருந்தார். ஊரின் நிஜப் பெயரை அவர் வெளியிடவில்லை. ஆய்வில் அதற்கு 'எல்ம் ஹாலோ' என்று புனைபெயர் வைத்தார். மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் என்று இரண்டு திருச்சபைகளைச் சுற்றியே அந்த ஊரின் வாழ்க்கை நடந்தது. படிவத்தோடு வந்து இரண்டே நாளில் மூட்டை கட்டுகிற ஆய்வாளர் அல்ல ஷாங்க். அங்கேயே வாழ்ந்து, பழகி, ஊர்க்காரர்களின் நம்பிக்கையைச் சம்பாதித்தவர்.

முதலில் அவர் கேட்டவை எளிய கேள்விகள். சீட்டு விளையாடலாமா? புகை பிடிக்கலாமா? மது குடிக்கலாமா? சபையார் ஏறக்குறைய எல்லோரும் கூடாது என்றே சொன்னார்கள். அதிலும் ராஜா, ராணி படம் போட்ட சீட்டைத் தொடவே கூடாது. கொஞ்ச காலம் போனது. அதே ஆட்கள் அவரை வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். கதவைத் தாழிட்டு, ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, அதே படம் போட்ட சீட்டை எடுத்து அவரோடு ஆடினார்கள். புளித்த ஆப்பிள் சாறான சைடரைக் குடித்தார்கள், புகையும் பிடித்தார்கள். அது அமெரிக்கா முழுக்க மதுவிலக்கு அமலில் இருந்த காலம் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ஊருக்கு உபதேசம் செய்துவிட்டு வீட்டுக்குள் வேறு மாதிரி இருப்பதெல்லாம் பழைய கதை. அதைக் கண்டுபிடிக்க ஒரு முனைவர் பட்ட ஆய்வு தேவையில்லை. ஷாங்க் அதற்கடுத்துக் கேட்டதுதான் முக்கியமான கேள்வி: சபையில் மற்றவர்கள் இதைப் பற்றி என்ன நினைக்கிறார்கள்? அவர்களுக்கு இதெல்லாம் ஆகவே ஆகாது என்று பதில் வந்தது. திரைக்குப் பின்னால் சீட்டாடிய ஒவ்வொருவரும் அந்தப் பாவத்தைச் செய்கிற ஆள் தான் ஒருவர்தான், மிஞ்சினால் தன்னைப் போல் இரண்டு மூன்று பேர் இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுத் திரைக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பது அவருக்குத் தெரியாது.

அப்படியானால் அந்த ஊரில் மெய்யாகவே கண்டிப்பாக இருந்தவர் யார்? ஷாங்க் ஒரு வயதான அம்மையாரைக் குறிப்பிடுகிறார். அந்தச் சபையின் பழைய போதகர் ஒருவரின் மகள். ஆய்வில் அவருக்கு 'மிஸஸ் சால்ட்' என்று பெயர். அவர் சத்தமாகப் பேசுவார், தயங்காமல் தீர்ப்புச் சொல்வார். அவரை மறுத்து யாரும் வாய் திறந்ததில்லை. மறுப்பு வராததால் அவர் சொன்னதே சபையின் கருத்து என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். ஒரே ஒருவரின் குரல் ஊர்க்குரலாக ஆனது இப்படித்தான்.

ஷாங்க் படித்தது சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில், உளவியலாளர் ஃபிலாய்ட் ஆல்போர்ட்டிடம். ஆல்போர்ட்டும் அவருடைய இன்னொரு மாணவர் டேனியல் காட்ஸும் மாணவர் விடுதிகளில் இதே கோலத்தைக் கண்டு, 1931இல் ஒரு நூலில் அதற்குப் பெயரும் சூட்டியிருந்தார்கள். தமிழில் அதைக் 'கூட்டு அறியாமை' என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஒரு குழுவில் பெரும்பாலோருக்கு ஒரு விதி மனசுக்குப் பிடிக்கவில்லை. ஆனால் மற்றவர்களுக்குப் பிடித்திருக்கிறது என்று ஒவ்வொருவரும் நம்புவதால் விதி அப்படியே நிற்கிறது. ஷாங்கின் ஆய்வு 1932இல் அச்சானது. மதக்குழுக்களைப் பற்றிப் பேசும்போது இன்றும் நாம் வாய் கூசாமல் 'ஆட்டுமந்தை' என்கிறோம். எல்ம் ஹாலோவைப் படித்தபின் அந்தச் சொல் எனக்கு உறுத்துகிறது. அங்கே இருந்தவர்கள் எல்லோரும் யோசித்தவர்கள், கணக்குப் போட்டவர்கள். கணக்குப் போட அவர்களுக்குக் கிடைத்த தகவல்தான் பொய்.

இந்தக் கணக்கை ஆய்வகத்துக்குள் கொண்டுவந்தவர் சாலமன் ஆஷ். 1907இல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ஏழு வயதில் நடந்த ஒன்றைப் பின்னாளில் அவர் சொல்லியிருக்கிறார். பாஸ்கா பண்டிகை இரவு. மேசையில் யாருக்கும் சேராத ஒரு கோப்பைத் திராட்சை ரசம். அது யாருக்கு என்று கேட்டான் பையன். எலியா தீர்க்கதரிசிக்கு என்றார் மாமா. நிஜமாகவே வந்து குடிப்பாரா? கவனித்துப் பார், அளவு குறையும் என்றார்கள். பையன் கண் கொட்டாமல் பார்த்தான். கோப்பையில் கொஞ்சம் குறைந்த மாதிரிதான் அவனுக்குத் தெரிந்தது.

பெரியவரானதும் ஆஷ் செய்த சோதனை உலகப் புகழ் பெற்றது. ஓர் அட்டையில் ஒரு கோடு. இன்னோர் அட்டையில் நீளம் மாறுபடும் மூன்று கோடுகள். மூன்றில் எது முதல் கோட்டுக்குச் சமம் என்று வரிசையாக வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குழந்தைகூடச் சொல்லிவிடும். தனியாகச் செய்தவர்கள் நூற்றுக்கு ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆனால் அறையில் இருந்தவர்களில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் ஆஷின் ஆட்கள், முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டு ஒரே தவறான பதிலைச் சொல்பவர்கள். அந்த ஒருவரின் முறை கடைசியிலோ, கடைசிக்கு முன்போ வரும். அப்படிப்பட்ட சுற்றுகளில் ஏறத்தாழ 37 விழுக்காடு பதில்கள் கூட்டத்தோடு சேர்ந்து தவறின. நான்கில் மூன்று பேர் ஒருமுறையாவது இடறினார்கள்.

இந்தச் சோதனையை எடுத்துச் சொல்பவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, மனிதன் எவ்வளவு பலவீனமானவன் என்று பெருமூச்சு விடுவது வழக்கம். அதே எண்ணைத் திருப்பிப் பாருங்கள். மூன்றில் இரண்டு பங்கு பதில்கள் கூட்டத்துக்கு எதிராகச் சரியாகவே வந்தன. நான்கில் ஒருவர் கடைசிவரை மசியவே இல்லை. ஆஷுக்கே அந்தப் பிடிவாதக்காரர்கள்மேல் ஒரு பெரிய ஆர்வம் இருந்தது. இடறியவர்களை உட்காரவைத்துப் பேசியபோது, தங்கள் கண்ணில்தான் கோளாறு என்று நினைத்ததாகச் சிலர் சொன்னார்கள். கண் சொன்னது சரியென்று தெரிந்தும், தனியாகத் தெரிய வேண்டாமே என்று ஒத்துப்போனவர்கள் வேறு சிலர். அறைக்கு வெளியிலிருந்து பார்த்தால் இருவரும் ஒன்றுபோலத்தான் தெரிவார்கள். பதிலை வாயால் சொல்லாமல் காகிதத்தில் எழுதச் சொன்னால் தவறுகள் பெருமளவு குறைந்தன.

அவர் அளந்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது வேறு இரண்டு. முதலாவது, கூட்டம் எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்பது. எதிரில் ஒரே ஒருவர் தவறாகச் சொன்னால் பாதிப்பு இல்லை என்றே சொல்லலாம். இருவர் சொன்னால் தவறு 13.6 விழுக்காடு. மூவர் சொன்னால் 31.8. அதற்குமேல் எத்தனை பேரைச் சேர்த்தாலும் பெரிய மாற்றமில்லை. 'நாலு பேர் என்ன நினைப்பார்கள்' என்று நம் வீடுகளில் கேட்கிறார்களே, ஆஷின் கணக்கில் அந்த நாலு பேர்கூட வேண்டாம், மூன்று போதும்.

இரண்டாவது, துணை. கூட்டத்தில் வேறு யாராவது ஒருவர் சரியான பதிலைச் சொல்லிவிட்டால் போதும், கூட்டத்தின் பிடி நான்கில் ஒரு பங்காகச் சுருங்கியது. அந்தத் துணைவர் பாதியில் பெரும்பான்மைப் பக்கம் தாவிவிட்டால் பழைய பயம் முழு வேகத்தில் திரும்பியது. ஏதோ வேலையிருப்பதாகச் சொல்லி எழுந்து போனாலோ, அவர் போன பிறகும் தைரியம் கொஞ்சம் மிச்சமிருந்தது. துணையாக வந்தவர் தானும் தவறாக, ஆனால் கூட்டம் சொல்லாத ஒரு தவறைச் சொன்னாலும் பலன் இருந்தது. வேறு பதில் சொல்ல இடமிருக்கிறது என்று தெரிந்ததே உதவியாக அமைந்தது.

இந்தச் சோதனையைப் பிற்காலத்தில் பல நாடுகளில் செய்து பார்த்தார்கள். 17 நாடுகளில் நடந்த 133 ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 1996இல் ராட் பாண்டும் பீட்டர் ஸ்மித்தும் ஆராய்ந்தபோது இரண்டு செய்திகள் கிடைத்தன. அமெரிக்காவில் 1950களுக்குப் பின் ஒத்துப்போகும் பழக்கம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குடும்பம், குழு ஆகியவற்றுக்கு முதலிடம் தரும் சமூகங்களில் அது கூடுதலாக இருக்கிறது. ஆகவே ஆஷின் 37 என்பது மனித இனத்துக்கே எழுதிவைத்த எண் அல்ல. ஊர், காலம், பழக்கம் மாறினால் அதுவும் மாறும்.

இனி ஒரு சங்கடமான விஷயம். சந்தேகம் உள்ளவர் சும்மா இருந்தால் பரவாயில்லை, இன்னொரு சந்தேகக்காரரை அடிக்க ஏன் முதல் ஆளாக ஓடுகிறார்? மதக் கூட்டங்களோடு பழகியவர்கள் யாரும் இதைப் பார்க்காமல் இருந்திருக்க முடியாது. ராப் வில்லர், கோ குவபாரா, மைக்கேல் மேசி என்ற மூன்று சமூகவியலாளர்கள் 2009இல் வெளியிட்ட சோதனை இதற்கு ஒரு விடை தருகிறது. பங்கேற்றவர்களிடம் மூன்று மாதிரி ஒயினை ருசிபார்க்கக் கொடுத்தார்கள். மூன்றும் ஒரே பாட்டில்தான், ஒன்றில் மட்டும் வினிகர் கலந்திருந்தது. மற்றவர்கள் அந்தப் புளிப்பைத்தான் பிரமாதம் என்று மதிப்பிட்டதாகக் காட்டினார்கள். பங்கேற்றவர்களில் கணிசமானோர் தாமும் அதைப் புகழ்ந்தார்கள். கடைசியில் ஒருவர் மட்டும் உள்ளபடி, இது நன்றாக இல்லை என்று மதிப்பிட்டார். பிறகு ஒவ்வொருவரின் ருசி அறியும் திறமையையும் மதிப்பிடச் சொன்னார்கள். மற்றவர்கள் பார்க்கும்படி மதிப்பிட்டபோது, வினிகரைப் புகழ்ந்தவர்கள் அந்த நேர்மையானவருக்குக் குறைந்த மதிப்பெண் போட்டார்கள். யாரும் பார்க்கமாட்டார்கள் என்று சொன்னதும் அவருக்கே கூடுதல் மதிப்பெண் விழுந்தது.

காரணம் லேசில் புரியக்கூடியதுதான். கூட்டத்தோடு தலையாட்டிவிட்ட ஒருவருக்குள் ஒரு பயம் இருக்கிறது. நாம் மனசாரத்தான் ஒத்துக்கொண்டோமா, அல்லது ஒப்புக்குத் தலையாட்டினோமா என்று யாராவது சந்தேகப்பட்டுவிடுவார்களோ? அந்தச் சந்தேகம் தன்மேல் விழாமலிருக்க மலிவான வழி, மறுத்துப் பேசியவரைத் தானே கடிந்துகொள்வது. சபையில் மிக உரக்கக் கத்துபவர் மிக ஆழமாக நம்புபவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

இதெல்லாம் கட்சிகளிலும் அலுவலகங்களிலும் நடப்பதுதானே, மதத்தை மட்டும் ஏன் பிடித்து இழுக்க வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்வி. ஆனால் மதக்குழுவில் இது இறுகுவதற்குத் தனியான காரணங்கள் இருக்கின்றன. நம்பிக்கை கண்ணுக்குத் தெரியாத பொருள். பக்கத்தில் இருப்பவர் நம்புகிறாரா என்று அறிய அவருடைய நோன்பு, உடை, காணிக்கை, உரத்த ஆமென் இவைதான் அடையாளம். மானுடவியலாளர் ரிச்சர்ட் சோசிஸும் எரிக் பிரெஸ்லரும் 19ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் தோன்றிய 83 கூட்டுக் குடியிருப்புகளை ஆராய்ந்து 2003இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். மத அடிப்படையில் அமைந்த குடியிருப்புகளில், உறுப்பினர்கள் எவ்வளவுக்கெவ்வளவு கடினமான விதிகளைச் சுமந்தார்களோ அவ்வளவுக்கவ்வளவு அந்தக் குடியிருப்பு நீடித்தது. மதம் சாராத குடியிருப்புகளில் அந்தத் தொடர்பு இல்லை. இறைச்சி, மது, நகை, வெளியுலகத் தொடர்பு என்று எதையாவது விட்டுக்கொடுப்பது, நான் நம்பகமானவன் என்று சொல்லும் வழி. பரஸ்பர உதவி அதன்மேல்தான் நிற்கிறது. குழுவை வாழவைக்கும் இதே ஏற்பாடுதான், உள்ளே யாருக்கு என்ன சந்தேகம் என்று ஒருவருக்கொருவர் தெரியாமலும் பார்த்துக்கொள்கிறது. இன்னொன்று, சந்தேகமே பாவம் என்று கற்றுக்கொடுக்கப்பட்டவர், பக்கத்து இருக்கைக்காரரிடம் மெல்ல விசாரித்துக்கூடப் பார்ப்பதில்லை. முதலில் தன்மேலேயே குற்றம் சுமத்திக்கொள்கிறார்.

வெளியேறுவதற்கான விலையும் இருக்கிறது. 1656 ஜூலை 27 அன்று ஆம்ஸ்டர்டாமின் யூதச் சபை, 23 வயது பாருக் ஸ்பினோசாவை விலக்கிவைத்தது. அவரோடு பேசக்கூடாது, எழுதக்கூடாது, ஒரே கூரையின்கீழ் இருக்கக்கூடாது, நான்கு முழத்துக்குள் நெருங்கக்கூடாது, அவர் எழுதியதைப் படிக்கக்கூடாது. ஆமிஷ் சமூகத்தில் ஞானஸ்நானம் பெற்றபின் வாக்கை மீறியவரோடு ஒரே மேசையில் சாப்பிடுவதைத் தவிர்ப்பார்கள். ஞானஸ்நானத்துக்கு முன்பே போய்விட்டவருக்கு இந்த விலக்கு இல்லை. ஊர்விலக்கம் என்றால் என்ன என்று தமிழ் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பெண் கொடுக்க ஆளில்லை, சாவுக்குத் தோள் கொடுக்க ஆளில்லை.

ஒதுக்கப்படுவது எவ்வளவு ஆழமாகக் குத்தும் என்பதைக் கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒரு சாதாரணக் கணினி விளையாட்டால் காட்டினார். திரையில் மூன்று பேர் பந்தை மாற்றி மாற்றி எறிகிறார்கள். கொஞ்ச நேரத்தில் மற்ற இருவரும் உங்களுக்கு எறிவதை நிறுத்திவிடுகிறார்கள். அவ்வளவுதான் சோதனை. முன்பின் தெரியாதவர்கள், பரிசும் இல்லை. ஆனாலும் மனம் வாடுகிறது. 2007இல் வெளியான ஓர் ஆய்வில் எறிபவர்கள் கு கிளக்ஸ் கிளான் இனவெறியர்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள். தாங்கள் வெறுக்கும் அந்தக் கூட்டம் ஒதுக்கியபோதும் பங்கேற்றவர்களுக்கு வலித்தது. அப்படியிருக்க, பெற்ற தாயும் உடன்பிறந்தவர்களும் இருக்கும் கூட்டம் ஒதுக்கினால் எப்படியிருக்கும்?

இதுவரை சொன்னவற்றில் பயம் பாதி கற்பனை. மற்றவர்கள் கோபிப்பார்கள் என்று நினைத்தோம், உண்மையில் அவர்களும் நம்மைப் போலவே இருந்தார்கள். ஆனால் பயம் முழுக்க நிஜமாக இருக்கும் இடங்களும் உண்டு. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'தைரியமாகப் பேசியிருக்கலாமே' என்று அறிவுரை சொல்பவர்கள்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

ஜோன்ஸ்டவுன் அப்படிப்பட்ட இடம். ஜிம் ஜோன்ஸ் என்ற போதகர் 1950களில் இண்டியானாபொலிஸ் நகரில் தொடங்கிய மக்கள் ஆலயம், கலிஃபோர்னியாவுக்குப் போய், பிறகு தென்னமெரிக்காவின் கயானா நாட்டுக் காட்டுக்குள் குடியேறியது. கறுப்பு, வெள்ளை பேதமில்லாத சமூகம் என்ற வாக்குறுதியை நம்பிப் போனவர்கள் அவர்கள். பெரும்பாலோர் கறுப்பின மக்கள். காட்டுக்குள் கணவன் மனைவியைப் பற்றியும் பிள்ளை பெற்றோரைப் பற்றியும் புகார் சொல்ல வேண்டியிருந்தது. ஒலிபெருக்கியில் ஜோன்ஸின் குரல் ஓயாமல் கேட்டது. கூட்டமாக விஷம் குடித்துச் சாவதற்கு ஒத்திகையும் நடந்தது. தப்பிவந்த பெண் ஒருவர் 1978 ஜூனில் கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் இதைச் சொல்லியிருந்தார்.

அந்த ஆண்டு நவம்பர் 17ஆம் தேதி அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் லியோ ரையன், செய்தியாளர்களோடு அங்கே போனார். இரவு விருந்து, பாட்டு, கைத்தட்டல். எல்லோரும் மகிழ்ச்சியாக இருப்பதாகவே தெரிந்தது. அந்த ஆரவாரத்துக்கு நடுவில் ஓர் இளைஞர், தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவரை ரையன் என்று நினைத்து, அவர் கையில் ஒரு துண்டுச் சீட்டைத் திணித்தார். இரண்டு பெயர்கள், இங்கிருந்து வெளியேற உதவுங்கள் என்று ஒரு வரி. அதைப் பார்த்துவிட்ட ஒரு குழந்தை, சீட்டு கொடுத்தார் என்று கத்திக் காட்டிக்கொடுத்தது. ஆனால் விஷயம் வெளிவந்துவிட்டது. மறுநாள் இருவர் பதினைந்து பேரளவுக்குப் பெருகினார்கள். அதே காலையில் இன்னும் 11 பேர் பிக்னிக் போவதுபோல் கிளம்பி, காட்டு வழியாகவும் ரயில் பாதை வழியாகவும் நடந்தே தப்பினார்கள். இவர்களில் பலர் முந்தின இரவு கைத்தட்டியவர்களாகத்தான் இருந்திருப்பார்கள்.

18ஆம் தேதி மாலை, விமானத் தளத்தில் ரையன் உட்பட ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். ஜோன்ஸ்டவுனின் கூடாரத்தில் மக்களைத் திரட்டி, இனிச் சாவதே வழி என்றார் ஜோன்ஸ். அந்தக் கூட்டத்தின் ஒலிப்பதிவு இன்றும் இருக்கிறது. அதில் ஒரு பெண்ணின் குரல் நிதானமாக எழுகிறது. கிறிஸ்டின் மில்லர். ரஷ்யாவுக்குப் போகும் திட்டம் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். போனவர்கள் சில பேர், அதற்காக இத்தனை பேர் சாக வேண்டுமா என்கிறார். குழந்தைகள் வாழ வேண்டியவர்கள் என்கிறார். தனக்கென்று ஒரு கருத்து வைத்துக்கொள்ள உரிமை உண்டு என்றும் சொல்கிறார். ஜோன்ஸ் முதலில் பொறுமையாகவே பதில் சொல்கிறார். கூட்டம்தான் பொறுக்கவில்லை. கத்துகிறார்கள், ஏசுகிறார்கள். கூட்டத்திலிருந்தே ஒருவர் எழுந்து அவரை மட்டம்தட்டுகிறார். கைத்தட்டல். மில்லரின் குரல் அடங்குகிறது.

ஆஷின் அறையில் ஒரு துணை இருந்தால் போதும். அந்தக் கூடாரத்தில் இரண்டாவது குரல் எழவே இல்லை. எழுந்திருந்தால் எல்லாம் மாறியிருக்குமா? நான் அப்படிச் சொல்லமாட்டேன். சுற்றிலும் ஆயுதம் தாங்கிய காவலர்கள். முதலில் விஷம் கொடுக்கப்பட்டது குழந்தைகளுக்கு. சிலருக்கு ஊசியால் ஏற்றப்பட்டது. அன்று விமானத் தளத்திலும் கயானாவின் தலைநகரிலும் இறந்தவர்களையும் சேர்த்து மொத்தம் 918 பேர் மாண்டார்கள். ஏறத்தாழ மூன்றில் ஒருவர் சிறுவர், குழந்தைகள். இதை இன்றும் கூட்டுத் தற்கொலை என்றே பல இடங்களில் எழுதுகிறார்கள். குழந்தை தற்கொலை செய்துகொள்ளாது.

பயம் பெருமளவு கற்பனையாக இருக்கும் இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு ரியாத்திலிருந்து ஒரு நல்ல சான்று. லியோனார்டோ பர்ஸ்டின், அலெஸாண்ட்ரா கொன்சாலெஸ், டேவிட் யனகிசாவா டிராட் ஆகிய மூவரின் ஆய்வு 2020இல் வெளியானது. சவூதி தலைநகரில் திருமணமான சுமார் 500 இளைஞர்களை, ஒரே வட்டாரத்துக்காரர்களாகப் பார்த்துக் குழுக்குழுவாக அழைத்தார்கள். பெண்கள் வீட்டுக்கு வெளியே வேலைக்குப் போகலாமா என்று பெயர் தெரியாமல் கேட்டபோது 87 விழுக்காட்டினர் போகலாம் என்றார்கள். அறையில் மற்றவர்கள் எத்தனை பேர் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டபோது, நான்கில் மூவர் உண்மையைவிடக் குறைத்தே சொன்னார்கள். பாதிப் பேருக்கு மட்டும் அந்த அறையின் உண்மையான எண்ணைத் தெரிவித்தார்கள். உபதேசம் இல்லை, மார்க்க விவாதம் இல்லை. பிறகு, மனைவியின் பெயரை வேலை தேடித் தரும் சேவையில் பதிவு செய்கிறீர்களா, அல்லது பரிசு அட்டை வேண்டுமா என்று கேட்டார்கள். எண் தெரியாதவர்களில் 23 விழுக்காட்டினரும் தெரிந்தவர்களில் 32 விழுக்காட்டினரும் பதிவு செய்தார்கள். சில மாதம் கழித்து விசாரித்தபோது, வெளிவேலைக்கு விண்ணப்பித்த மனைவியர் முதல் பிரிவில் 6 விழுக்காடு, இரண்டாவதில் 16.

எண்ணை அறிவிப்பது வேலை தேடுவதுபோன்ற விஷயத்துக்குப் போதும். திருமணமே அடிபடும் விஷயமென்றால் போதாது. செனகலில் 1997 ஜூலை 31 அன்று மலிகுண்டா பம்பாரா என்ற ஊரின் பெண்கள், சிறுமிகளின் பிறப்புறுப்பை அறுக்கும் வழக்கத்தைக் கைவிடுவதாகப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அந்த வழக்கத்தை மார்க்கக் கடமை என்று பலர் நம்பிவந்தார்கள். அக்கம்பக்கத்து ஊர்களில் பெரும் எதிர்ப்பு கிளம்பியது. அப்போது கேர் சிம்பாரா என்ற சிற்றூரின் இமாம் டெம்பா தியாவாரா, அந்தப் பெண்களோடு வேலை செய்த டோஸ்தான் அமைப்பிடம் ஒரு குறையைச் சுட்டிக்காட்டினார். எங்கள் ஊர் தனியாக முடிவெடுக்க முடியாது. பெண் கொடுத்து எடுக்கிற உறவு ஊர்கள் அத்தனையும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அறுக்கப்படாத பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்கமாட்டான். தொடக்கத்தில் அவருமே இந்த மாற்றத்தை எதிர்த்தவர். மார்க்க அறிஞரிடமும் தன் வீட்டுப் பெண்களிடமும் விசாரித்த பின்தான் மனம் மாறினார். பிறகு உறவு ஊர்களுக்கு நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் தியாபூகூவில் 13 ஊர்கள் கூடி ஒன்றாக அறிவித்தன.

இமாமின் யோசனையைப் பின்னாளில் ஆய்வாளர்களும் கணித மாதிரிகளில் போட்டுப் பார்த்தார்கள். ஆனால் அவர்களுக்குப் புதிதாக ஒரு தலைவலி முளைத்தது. ஊரறிய உறுதிமொழி எடுத்தாகிவிட்டது, 1999இல் செனகலில் சட்டமும் வந்துவிட்டது. இப்போது ஒரு தாயிடம் போய், இந்த வழக்கத்தை ஆதரிக்கிறீர்களா என்று கேட்டால் இல்லை என்பார். அது மனசிலிருந்து வருகிறதா, ஊருக்குப் பயந்து வருகிறதா? வாய் மூடவைத்த அதே பயம் இப்போது எதிர்ப்பக்கம் திரும்பியிருக்கலாம். அதனால் சில ஆய்வுகள் நேரடியாகக் கேட்பதையே கைவிட்டன. பாதிப் பேரிடம் சாதாரணமான சில வாக்கியங்கள் அடங்கிய ஒரு பட்டியலையும், மீதிப் பேரிடம் அதே பட்டியலோடு இந்த வழக்கத்தைப் பற்றிய ஒரு வாக்கியத்தைக் கூடுதலாகவும் கொடுக்கிறார்கள். எதை எதை ஆதரிக்கிறீர்கள் என்று கேட்பதில்லை, மொத்தம் எத்தனை என்று மட்டும் சொன்னால் போதும். இரண்டு பிரிவின் சராசரிக்கும் உள்ள வித்தியாசம், அந்தக் கூடுதல் வாக்கியத்துக்கு எவ்வளவு ஆதரவு என்று காட்டிவிடும். தனியாள் யாரும் மாட்டிக்கொள்வதில்லை. எத்தியோப்பியாவில் இப்படிக் கேட்டபோது, அந்த வழக்கத்துக்கு ஆதரவு நேரடிக் கேள்வியில் வந்ததைவிடக் கூடுதலாகத்தான் வந்தது.